ஒலிபெருக்கியின் தடையும் தடங்கலும்

மண்டபத்திற் சொற்பொழிவு நிகழும்போதும், கோயிலில் திருவிழா நடைபெறும்போதும், விளையாட்டுப் போட்டியில் வென்றோர் பெயர் அறிவிக்கப்படும்போதும் நாம் ஒலிபெருக்கியை நினைப்பதில்லை. அஃது ஓசையின்றி நின்றுவிட்டபோதே அதனை நினைக்கின்றோம். அவ்வேளையில் யாரேனும் ஒருவர் பல்மானியை எடுத்து வருவார். பழுதுபார்ப்போர் 'மீற்றர்' என்று சுருங்கக் கூறும் அக்கருவியின் இரு முனைகளையும் ஒலிபெருக்கியின் முடிவிடங்களில் வைத்து வாசிப்பை நோக்குவார். ஒலிபெருக்கியின் பின்புறத்திலே 8 ஓம் என எழுதப்பட்டிருக்கும். கருவியோ 6 ஓம் என்று காட்டும்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகின்றது. ஒலிபெருக்கி பழுதாயிற்று என்பார் ஒருவர். கருவி பிழை என்பார் மற்றொருவர். செய்தவர் பொய்யான எண்ணை அச்சிட்டார் என்பார் வேறொருவர். மூவர் கூற்றும் பொருந்தாது. 8 ஓம் என்பதும் உண்மை. 6 ஓம் என்பதும் உண்மை. ஒன்று தடங்கல், மற்றது தடை. இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாமையால் நல்ல ஒலிபெருக்கிகள் குப்பைக்குச் செல்வதும், விலையுயர்ந்த விரியலாக்கிகள் எரிந்துபோவதும் உண்டு. ஆதலின் அவ்வேறுபாட்டையும், பல்மானியைக் கொண்டு ஒலிபெருக்கியை முறையாகச் சோதிக்கும் வகையையும் இங்கு ஆராய்வோம்.

ஓம் என்னும் அலகு

செருமனியிலே கொலோன் நகரத்துப் பாடசாலையொன்றிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர் கியோர்க் சைமன் ஓம் என்பவர். பாடசாலையின் ஆய்வுகூடத்திலே தாமே அமைத்த கருவிகளைக் கொண்டு, வெவ்வேறு நீளமும் பருமனும் உடைய கம்பிகளினூடாக மின் எவ்வாறு செல்கின்றது என்பதை அவர் அளந்தார். ஒரு கடத்தியினூடு செல்லும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையேயுள்ள அழுத்தவேறுபாட்டிற்கு நேர்விகித சமன் என்னும் விதியை விளக்கும் நூலை 1827ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்தம் நாட்டில் அந்நூல் உடனே மதிக்கப்படவில்லை. 1841ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கம் கொப்ளிப் பதக்கத்தை வழங்கியபின்னரே அவர் புகழ் பரவிற்று. தடையின் அலகு அவர் பெயரைத் தாங்கிநிற்பது ஆசிரியத் தொழிலுக்கே ஒரு பெருமையாகும்.

தடங்கல் என்னும் கருத்து அதற்குப் பின்னர்த் தோன்றியது. ஆடலோட்டம் ஒரு சுருளினூடாகச் செல்லும்போது கம்பியின் தடை மட்டுமன்றி வேறு எதிர்ப்புக்களும் எழுகின்றன. அவை அனைத்தும் சேர்ந்த பயனைக் குறிப்பதற்கு 1886ஆம் ஆண்டில் ஒலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கிலேயர் ஒரு புதிய சொல்லை ஆக்கினார். அதனையே நாம் தமிழிலே தடங்கல் என்கின்றோம். தடங்கலின் அலகும் ஓமே. ஓரலகு இரு கணியங்களுக்கும் பொதுவாயிருத்தலே மயக்கத்திற்கு முதற் காரணமாகும்.

பல்மானி தடையை அளக்கும் வகை

மின்னோட்டம், அழுத்தவேறுபாடு, தடை ஆகிய மூன்றையும் அளப்பதற்கு ஒருகாலத்தில் வெவ்வேறு கருவிகள் வேண்டியிருந்தன. அவற்றையெல்லாம் சுமந்து திரிதலிற் சலிப்புற்ற டொனால்ட் மக்கடி என்னும் பிரித்தானியத் தபாற்றிணைக்கள எந்திரி, மூன்றையும் ஒன்றாக்கி ஒரு கருவியை அமைத்தார். 'ஏவோமீற்றர்' என்னும் பெயரோடு அது 1923ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அம்பியர், உவோற்று, ஓம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களே அப்பெயராயின. பழைய மாணவர் பலர் ஆய்வுகூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் அக்கருவியைக் கையாண்டிருப்பர்.

முள்ளுடைய பல்மானியினுள்ளே ஒரு காந்தமும், அதன் புலத்திலே சுழலக்கூடிய ஒரு சுருளும் உள்ளன. தடையை அளக்கும்போது கருவிக்குள் இருக்கும் மின்கலமே மின்னைத் தருகின்றது. மின்கலம் 1.5 உவோற்று எனவும், கருவியின் உட்டடை 20 ஓம் எனவும் கொள்வோம். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடச்செய்தால் 75 மில்லியம்பியர் ஓட்டம் பாய்ந்து முள் வலது கோடிக்குச் செல்லும். அதுவே பூச்சியம். முனைகளுக்கிடையே 20 ஓம் தடையை வைத்தால் ஓட்டம் பாதியாகி முள் நடுவில் நிற்கும். 6 ஓம் தடையை வைத்தால் 26இல் 20 பங்கு, அதாவது முழு விலக்கத்தின் நூற்றுக்கு 77 பங்கில் நிற்கும். இதனாலேயே ஓம் அளவிடை வலமிருந்து இடமாகச் செல்வதும், இடப்பக்கத்திற் கோடுகள் நெருங்கிக் கிடப்பதும் ஆகும்.

இக்காலத்து இலக்கப் பல்மானியில் முள் இல்லை, எண்ணே தோன்றும். எனினும் அதுவும் தன் மின்கலத்திலிருந்து ஒரு சிறிய நேரோட்டத்தைச் செலுத்தியே தடையைக் கணிக்கின்றது. நேரோட்டம் என்னும் சொல்லை மாணவர் நினைவிலிருத்துக. பின்னர்க் கூறப்போவதெல்லாம் அச்சொல்லிலேயே தங்கியுள்ளது.

ஒலிபெருக்கியின் அமைப்பு

ஒலிபெருக்கியும் பல்மானியைப் போன்றே ஒரு காந்தமும் ஒரு சுருளும் உடையது. பல்மானியின் சுருள் சுழல்கின்றது. ஒலிபெருக்கியின் சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது. அச்சுருளோடு கடதாசியாலோ வேறு இலேசான பொருளாலோ செய்யப்பட்ட கூம்பு பிணைக்கப்பட்டிருக்கும். விரியலாக்கியிலிருந்து, அதாவது அம்பிளிபயரிலிருந்து, வரும் ஆடலோட்டம் சுருளினூடு செல்ல, காந்தப்புலம் அதனை அசைக்க, கூம்பு வளியைத் தள்ளி ஒலியை எழுப்புகின்றது. இன்று எங்கும் வழங்கும் இவ்வமைப்பின் செம்மையான வடிவத்தை அமெரிக்காவிலே செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அதே ஆண்டிலாகும்.

அளக்கும் முறை

முதலாவதாக, ஒலிபெருக்கியை விரியலாக்கியினின்றும் முற்றாகப் பிரித்துவிடல் வேண்டும். இணைப்பு இருக்கும்போது அளந்தால் விரியலாக்கியின் உட்சுற்றும் அளவிற் கலந்துவிடும். மின் வழங்கல் இருக்குமாயின் பல்மானியும் பழுதுறும்.

இரண்டாவதாக, பல்மானியை மிகத் தாழ்ந்த ஓம் வீச்சில் வைத்து, முனைகளை ஒன்றோடொன்று தொடச்செய்து பூச்சியத்தைச் சரிபார்த்தல் வேண்டும். முள்ளுடைய கருவியாயின் அதற்குரிய குமிழைத் திருப்பி முள்ளைப் பூச்சியத்திற்குக் கொணர்க. இலக்கக் கருவியாயின், முனைகள் தொட்டிருக்கும்போது தோன்றும் 0.2 அல்லது 0.3 ஓமைக் குறித்து வைத்துப் பின்னர்க் கழித்துக்கொள்க. ஆயிரக்கணக்கான ஓம் தடையை அளக்கும்போது பொருட்படுத்தத்தகாத இச்சிறுமை, 4 ஓம் சுருளை அளக்கும்போது பெரும் வழுவாகிவிடும்.

மூன்றாவதாக, முடிவிடங்களிலே துரு இருப்பின் சுரண்டித் துடைத்து, முனைகளை அழுத்தி வைத்தல் வேண்டும். கூம்பை யாரும் தொடலாகாது. சுருள் அசைந்தால் அதிலே மின் பிறந்து வாசிப்பைக் கெடுக்கும்.

நான்காவதாக, ஒலிபெருக்கி ஆறியிருத்தல் வேண்டும். செம்பின் தடை வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு ஏறுந்தோறும் நூற்றுக்கு 0.39 பங்கு கூடுகின்றது. ஆறிய நிலையில் 6 ஓம் தடையுள்ள சுருள் 100 பாகை கூடுதலாகச் சூடேறினால் 8.3 ஓம் ஆகிவிடும். நிகழ்ச்சி முடிந்தவுடன் அளப்பவர் 8.3 ஓம் என்று கண்டு, எழுதிய எண்ணோடு பொருந்திற்று என மகிழக்கூடும். அப்பொருத்தம் தற்செயலானது. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வாசிப்பு இறங்கத் தொடங்கும்.

முள்ளுடைய பல்மானியின் முனைகளை வைக்குங்கணத்தில் கூம்பிலிருந்து 'டக்' என்னும் ஓசை எழும். மேற்கூறிய எடுத்துக்காட்டின்படி ஏறத்தாழ 58 மில்லியம்பியர் ஓட்டம் 6 ஓம் சுருளினூடு பாய்வதே அதற்குக் காரணம். இலக்கக் கருவி செலுத்தும் ஓட்டம் மிகச் சிறிதாதலின் ஓசையும் மிக மெல்லியதாயிருக்கும்.

வாசிப்பின் பொருள்

4 ஓம் எனக் குறிக்கப்பட்ட நல்ல ஒலிபெருக்கி பெரும்பாலும் 3 முதல் 3.5 ஓம் வரையும், 8 ஓம் எனக் குறிக்கப்பட்டது 5.5 முதல் 7 ஓம் வரையும், 16 ஓம் எனக் குறிக்கப்பட்டது 11 முதல் 13 ஓம் வரையும் காட்டும். பின்புறத்து எழுத்து அழிந்துபோயின், வாசிப்பை 1.25 ஆற் பெருக்கி, வரும் விடைக்கு மிக அண்மையிலுள்ள வழக்கமான எண்ணைக் கொள்ளலாம். 6.4 ஓம் காட்டினால் 8 ஓம், 3.2 ஓம் காட்டினால் 4 ஓம்.

வாசிப்பு முடிவிலியாயின் சுருளோ, அதற்குச் செல்லும் இழைக்கம்பியோ அறுந்துவிட்டது. பூச்சியத்தை அண்மியதாயின் சுருளிற் குறுஞ்சுற்று ஏற்பட்டுள்ளது. அதனை விரியலாக்கியோடு இணைத்தல் ஆகாது. இழைக்கம்பியை மெல்ல அசைக்கும்போது வாசிப்புத் தாவுமாயின் கம்பி உள்ளே நைந்துவிட்டது. சுருளின் முடிவிடத்திற்கும் இரும்புச் சட்டத்திற்கும் இடையே தடை தோன்றுமாயின் காவலி கெட்டுவிட்டது.

பல்மானி கூறாதவையும் உள. கிழிந்த கூம்பும், காந்தத்தின் இடைவெளியில் உரசும் சுருளும் வாசிப்பிலே தெரியா. பெட்டியொன்றினுள்ளே தாழ்சுரத்திற்கு ஒன்றும் உயர்சுரத்திற்கு ஒன்றுமாக இரண்டு ஒலிபெருக்கிகள் இருப்பின், உயர்சுர ஒலிபெருக்கியோடு ஒரு கொள்ளளவி தொடராக இணைக்கப்பட்டிருக்கும். கொள்ளளவி நேரோட்டத்தைச் செல்லவிடாது. ஆதலின் பெட்டியின் வெளிமுடிவிடங்களில் அளப்பவர் தாழ்சுரச் சுருளை மட்டுமே அளக்கின்றார். உயர்சுரச் சுருள் எரிந்துபோயிருப்பினும் வாசிப்பு மாறாது. பெட்டியைத் திறந்து தனியே அளந்தாலன்றி அதனை அறிய இயலாது.

நிற்கும் சுருளும் அசையும் சுருளும்

இனி, 6 ஏன் 8 ஆகின்றது என்பதைப் பார்ப்போம். இதனை விளக்க ஓர் எளிய பரிசோதனை உண்டு. முள்ளுடைய பல்மானியை மிகச் சிறிய நேரோட்ட உவோற்று வீச்சிலோ மில்லியம்பியர் வீச்சிலோ வைத்து, தனித்திருக்கும் ஒலிபெருக்கியோடு இணைத்து, கூம்பை விரல்களால் மெல்ல உள்ளே தள்ளுக. முள் ஒரு பக்கம் துடிக்கும். கூம்பு வெளியே வரும்போது மற்றப் பக்கம் துடிக்கும். வெளியிலிருந்து மின் வழங்கப்படவில்லை. காந்தப்புலத்தில் அசைந்த சுருளே மின்னைப் பிறப்பித்தது.

விரியலாக்கி ஒலிபெருக்கியை இயக்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. அசையும் சுருள் தன்னை அசைக்கும் அழுத்தத்திற்கு எதிரான ஒரு மின்னியக்கவிசையைப் பிறப்பிக்கின்றது. அதனாற் சுருளினூடு செல்லும் ஓட்டம் குறைகின்றது. ஓட்டம் குறைதலென்பது எதிர்ப்புக் கூடியதற்கு ஒப்பாகும். கூம்பின் இயற்கை மீடிறனிலே பரிவு ஏற்பட்டு அசைவு பெரிதாகும். அப்போது 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கியின் தடங்கல் 30 ஓமுக்கு மேலும் செல்லுதல் உண்டு. அதற்கு மேற்பட்ட மீடிறன்களில் தடங்கல் இறங்கி, சுருளின் தடையைவிடச் சிறிது கூடிய ஓர் இழிவை அடையும். பின்னர்ச் சுருளின் தூண்டுதிறனால் மீண்டும் படிப்படியாக ஏறும்.

ஆகவே ஒலிபெருக்கிக்கு ஒரே தடங்கல் இல்லை. ஒவ்வொரு மீடிறனுக்கும் ஒவ்வொன்று உண்டு. பின்புறத்தில் எழுதப்பட்ட 8 ஓம் என்பது, விரியலாக்கியைத் தெரிவுசெய்வதற்காக அவற்றைப் பிரதிநிதித்துவப்படுத்தும் ஓரெண். பன்னாட்டு நியமத்தின்படி, குறித்த மீடிறன் வீச்சினுள் மிகக் குறைந்த தடங்கல், எழுதிய எண்ணின் நூற்றுக்கு 80 பங்கிற் குறையலாகாது. 8 ஓமுக்கு அது 6.4 ஓம் ஆகும். பல்மானியின் நேரோட்டம் சுருளை ஒருமுறை தள்ளிவிட்டுப் பின்னர் அசையவிடாது நிறுத்திவைப்பதால், அது காண்பது நிற்கும் சுருளை மட்டுமே. எழுதிய எண்ணோ அசையும் சுருளைக் குறிக்கின்றது.

தடங்கலை அளத்தல்

தடங்கலையும் பல்மானியாலேயே அளக்கலாம். ஆனால் ஓம் வீச்சினால் அன்று. உயர்தர வகுப்பு மாணவர் இதனை ஆய்வுகூடத்திற் செய்து பார்த்தல் நன்று. 10 ஓம் தடையொன்றை ஒலிபெருக்கியோடு தொடராக இணைத்து, சிறிய விரியலாக்கியொன்றினால் 400 ஏட்சு மீடிறனுள்ள ஒலியை மெல்லிதாகச் செலுத்துக. கைத்தொலைபேசியே இன்று அவ்வொலியைத் தரவல்லது. பின்னர்ப் பல்மானியை ஆடலோட்ட உவோற்று வீச்சில் வைத்து, 10 ஓம் தடையின் குறுக்கேயும் ஒலிபெருக்கியின் குறுக்கேயும் அழுத்தவேறுபாட்டைத் தனித்தனியே அளக்க. முன்னது 0.50 உவோற்றும் பின்னது 0.36 உவோற்றும் ஆயின், தடங்கல் 10 ஐ 0.36 ஆற் பெருக்கி 0.50 ஆல் வகுத்து வருவது, அதாவது 7.2 ஓம். மீடிறனை மாற்றி மாற்றி அளந்து வரைபு வரைந்தால், மேலே கூறிய ஏற்ற இறக்கத்தைக் கண்ணாற் காணலாம். மலிவான பல்மானிகள் உயர்ந்த மீடிறன்களிற் பிழையான வாசிப்பைத் தருமாதலின், சில நூறு ஏட்சுக்கு மேற்பட்ட வாசிப்புக்களை எச்சரிக்கையோடு கொள்ளல் வேண்டும்.

இணைப்பிலுள்ள ஆபத்து

இவ்வறிவு இன்றியமையாதது ஒலிபெருக்கிகள் பலவற்றை ஒருங்கிணைக்கும்போதாகும். இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம் ஆகும். நான்கை இணைத்தால் 2 ஓம் ஆகும். 4 ஓமிற் குறையலாகாது என்று குறித்த திரான்சிற்றர் விரியலாக்கியோடு அந்நான்கையும் இணைத்தால், அது தாங்கவியலா ஓட்டத்தைக் கொடுக்க முயன்று சூடேறி எரியும். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு தொடர்களையும் சமாந்தரமாக்கினால் மீண்டும் 8 ஓம் வரும். பழைய வால்வு விரியலாக்கியின் இயல்பு வேறு. ஒலிபெருக்கி இணைக்கப்படாது இயங்கும்போதே அதன் வெளியீட்டு நிலைமாற்றி கேடுறும்.

பெரிய மண்டபங்களிலும் கோயில் வீதிகளிலும் நெடுந்தூரம் கம்பியிழுத்துத் தொங்கவிடப்படும் குழல் வடிவ ஒலிபெருக்கிகள் பலவற்றில் 100 உவோற்று நிலைமாற்றி உண்டு. அவற்றின் தடங்கலை அழுத்தத்தின் வர்க்கத்தை வலுவால் வகுத்துக் காண்க. 10 வாற்று ஒலிபெருக்கிக்கு 1000 ஓம். அத்தகைய பத்தை ஒரே கம்பியிற் சமாந்தரமாக இணைத்தால் 100 ஓம். பல்மானியோ நிலைமாற்றியின் கம்பித்தடையை மட்டுமே கண்டு, இவற்றினும் மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். அவ்வெண்ணைக் கண்டு குறுஞ்சுற்று என்று அஞ்சிக் கம்பியை வெட்டித் தேடுதல் வீண்வேலை. இதற்கு மறுதலையான பிழையோ கொடியது. நிலைமாற்றியில்லாத 8 ஓம் ஒலிபெருக்கியை 100 உவோற்று முடிவிடத்தில் இணைத்தால், அது விரியலாக்கியிடம் 1250 வாற்று வலுவைக் கேட்கும். ஒலிபெருக்கி எரியும், விரியலாக்கியும் உடன் எரியலாம். இந்நிலையிற் பல்மானியின் எண்ணை நம்பலாகாது. பெயர்த்தகட்டை வாசித்தலே காப்பு.

ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் கூறியதாற் பல்மானி பயனற்றதென எவரும் எண்ணற்க. அது தன்னிடம் கேட்கப்பட்ட வினாவிற்குச் சரியாகவே விடை கூறுகின்றது. நிற்கும் சுருளின் தடை என்ன என்று கேட்டால் 6 ஓம் என்கின்றது. அவ்விடையை வேறொரு வினாவிற்கு உரியதாகக் கொள்ளும்போதே நாம் இடர்ப்படுகின்றோம்.

ஓர் ஒலிபெருக்கியின் வாசிப்பை அதன் பின்புறத்து எண்ணோடு ஒப்பிடுவதிலும், அதே ஒலிபெருக்கியின் முந்திய வாசிப்போடு ஒப்பிடுவதே பயன்மிக்கது. புதிதாக வாங்கியவுடன், ஆறிய நிலையில், அதன் தடையை அளந்து, ஒரு சிறு தாளில் வாசிப்பையும் திகதியையும் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஒருமுறை மீண்டும் அளந்து அதன்கீழ் எழுதிவருதல் வேண்டும். 6.2, 6.2, 6.3 என்று சென்ற வரிசையில் ஒருநாள் 4.1 என்று வருமாயின், மண்டபம் நிறைந்திருக்கும் வேளையில் அது நின்றுபோகுமுன் நாம் அறிந்துகொள்வோம்.

கல்லூரி மண்டபத்து ஒலிபெருக்கிகளுக்கு இத்தகைய பதிவை வைத்தல் பௌதிகம் பயிலும் மாணவர் ஓர் மாலைப்பொழுதிற் செய்து முடிக்கக்கூடிய பணி. அதற்கு வேண்டியவை ஒரு பல்மானி, ஒரு திருகாணிச் செலுத்தி, சில தாள்கள் மாத்திரமே. இன்று அவர்கள் எழுதிவைக்கும் எண்கள், அடுத்த விழாவிற்கு அம்மண்டபத்தை ஆயத்தஞ் செய்யும் இளைய மாணவருக்கு நல்ல துணையாய் இருக்கும்.